இரவு ஸ்குவாலை (திடீரென வீசும் பலத்த காற்றை) முன்கூட்டியே கணிப்பது எப்படி?

பாய்மரப் படகில் அட்லாண்டிக்கில் தெற்கே போய்க்கொண்டிருக்கிறோம். இப்போது 5 டிகிரி வடக்கு, 27 டிகிரி மேற்கு. மூன்று இரவுகளாக இதே பாடுதான்: கிரிப் கோப்பில் (வானிலை முன்னறிவிப்புக் கோப்பு) 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) காற்று என்று வருகிறது, நள்ளிரவுக்குப் பின் பத்தே நிமிடத்தில் 35 நாட் அடிக்கிறது. நேற்று முன்பாயின் ஓரம் ஒரு முழம் கிழிந்துவிட்டது.

இரண்டு வானிலைக் கணிப்பு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். 28 கிலோமீட்டர் கட்டத்தில் தனி மேகக்கூட்டம் சிக்காது என்பது புரிகிறது. பாரோமீட்டரும் கைகொடுக்கவில்லை; 10 மணிக்கு ஏறி 4 மணிக்கு இறங்கும் வழக்கமான 3 மில்லிபார் ஊசலாட்டம்தான். ரேடாரில் மழை தெரிகிறது, எதில் காற்று இருக்கிறது என்று தெரியவில்லை. சாட்டிலைட் போனில் பெரிய படங்கள் இறங்காது.

கேப் (இடிமேகம் வளரக் காற்றில் இருக்கும் ஆற்றலின் அளவு), மழை அளவு இரண்டையும் கோப்பில் சேர்த்து வாங்க முடியும். எந்த அளவைத் தாண்டினால் பொழுது சாயும் முன்பே பாயைக் குறைப்பீர்கள்?