‘புரொபேட்’ - தமிழ்ச்சொல் வேண்டும் (அயர்லாந்து உயில் ஆவணங்கள் பற்றிய பாடத்திற்காக)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆவணக்காப்பியல் மாணவர்களுக்கான பாடநூலில், அயர்லாந்து வழிவந்தோர் தங்கள் முன்னோரைப் பழைய புரொபேட் (இறந்தவரின் உயிலை உண்மையானதென்று நீதிமன்றம் ஏற்றல்) ஆவணங்களின் வழியே தேடும் முறையைப் பற்றிய இயலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். அந்நாட்டில் 1858 வரை, ஒருவரின் உயிலை உண்மையானதென்று ஏற்கும் அதிகாரம் ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் திருமண்டல நீதிமன்றங்களிடம் இருந்தது. இறந்தவருக்கு இன்னொரு திருமண்டலத்திலும் 5 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்து இருந்தால், அர்மா பேராயரின் மேல்நீதிமன்றத்தை நாட வேண்டும். 1858 முதல் இப்பணி அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. டப்ளினில் தலைமைப் பதிவகமும், கார்க், லிமரிக், கேவன், கில்கென்னி முதலிய 11 இடங்களில் மாவட்டப் பதிவகங்களும் அமைந்தன.

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். உயிலை ஏற்று நீதிமன்றம் வழங்கும் ஆணைக்கு ஒன்று. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை நிருவகிக்க உறவினருக்கு வழங்கும் ஆணைக்கு ஒன்று. இவ்விரு வகை ஆணைகளையும் ஆண்டுதோறும் அகரவரிசையில் தொகுத்து அச்சிட்ட ‘காலண்டர்’ தொகுதிகளுக்கு ஒன்று. ‘நாட்காட்டி’ இங்கே பொருந்தாது. முதலாவதை ‘உயில் பதிவு’ என்று எளிமையாக எழுதிவிடலாமா?

- பாடநூல் தொகுப்பாளர்

*

அம்மையாருக்கு வணக்கம்.

சட்டத்தமிழில் ‘மெய்ப்பிதழ்’ முன்பே வழங்குகிறது, அதையே ஆளலாம். இலத்தீன் ‘புரோபாரே’ என்பதற்குச் சோதித்தல், மெய்ப்பித்தல் என்பனவே பொருளாதலால் வேரும் ஒத்துப்போகிறது. ‘புரொபேட்’ என்றே எழுதுவோம் என்பார்க்கு ஒன்று சொல்வேன்: டகரமெய் தமிழில் மொழியிறுதியில் நில்லாது. திசைச்சொல்லாக ஏற்பதானாலும் ‘புரொபேட்டு’ எனக் குற்றியலுகரம் பெற்றே வர வேண்டும்.

‘உயில்’ என்பதையும் ஆங்கிலம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ‘செய்’ என்பதிலிருந்து ‘செயல்’ பிறந்தாற்போல ‘உய்’ என்னும் அடியிலிருந்து பிறந்து, இறந்தவரின் விருப்பம் அவருக்குப் பின்னும் உய்ந்திருப்பதைக் குறிக்கும் சொல் அது என்பது என் துணிபு.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆயினும் ‘உயில்’ ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிப்பே என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே பொருளில் ‘மரண சாசனம்’ என்று எழுதும் வழக்கமும் இருந்தது. நெடுங்காலம் புழங்கியதால் உயில் நம்முடையதாகிவிட்டது. அதற்கு ‘உய்’ துணை நிற்க வேண்டியதில்லை.

‘உயில் பதிவு’ வேண்டவே வேண்டாம். நம்மூரில் உயிலைப் பதிவது, எழுதியவர் உயிரோடிருக்கையிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரும்பாலும் நடப்பது. இதுவோ அவர் இறந்தபின் நீதிமன்றத்தில் நடப்பது. டப்ளினிலும் 1708 முதல் பத்திரப் பதிவகம் ஒன்று தனியே இயங்குகிறது. சில உயில்களின் சுருக்கங்கள் அங்கும் பதிவாகியுள்ளன. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்தால், எதை எங்கே தேடுவது என்றே மாணவருக்குத் தெரியாமல் போகும்.

காலண்டரில் ஒரு பதிவு எப்படி இருக்கிறதென்று பாருங்கள். இறந்தவரின் பெயர், சொத்து மதிப்பு, ஆணை பிறந்த நாள், அவருடைய ஊர், தொழில், இறந்த நாளும் இடமும், இறுதியில் ஆணை பெற்றவரின் பெயர், பல இடங்களில் ‘கைம்பெண்’, ‘மகன்’ என்று உறவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1901-க்கு முன் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்ட நாட்டில், சிறு நிலம் வைத்திருந்த ஒரு குடியானவரின் குடும்பத்தை இந்த நாலைந்து வரிகள்தாம் காட்டுகின்றன. உயிலை ஏற்ற ஆணை என்றால் உயிலின் படியைத் தேடலாம். நிருவாக ஆணை மட்டும் என்றால் தேட உயிலே இல்லை. உயிலில் நிறைவேற்றுநரைக் குறிக்காவிட்டாலோ, குறித்தவர் இறந்துவிட்டாலோ ‘உயில் இணைத்த நிருவாக ஆணை’ என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. நாம் தரும் சொற்கள் இம்மூன்றையும் பிரித்துக் காட்டியே தீர வேண்டும்.

காலண்டருக்கு ‘ஆண்டடைவு’ நன்று. ஆனால் அந்த ஆண்டு ஆணையின் ஆண்டு, இறப்பின் ஆண்டன்று என்பதை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். 1866இல் இறந்தவருக்காக உறவினர் 1874இல் ஆணை பெற்றிருந்தால், பெயர் 1874 தொகுதியில்தான் இருக்கும்.

- வழக்கறிஞர்

*

அனைவருக்கும் வணக்கம்.

‘மெய்ப்பிதழ்’ எனக்கு உடன்பாடில்லை. அச்சுத்துறையில் ‘மெய்ப்பு’ பிழைதிருத்தும் தாள், ‘இதழ்’ பத்திரிகை. இரண்டும் சேர்ந்த சொல்லை முதன்முதலாகக் காணும் மாணவருக்கு நீதிமன்றம் நினைவுக்கு வராது. ‘உயிலேற்பு ஆணை’ என்றால் படித்தவுடன் விளங்கும்.

இன்னும் மூன்று சொற்களை அம்மையார் கேட்கவில்லை. ஆனால் இவ்வியலுக்கு அவை இன்றியமையாதவை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்தெரிந்தபோது அங்கிருந்த பொது ஆவணக் காப்பகமும் அழிந்தது. அங்கே சேர்ந்திருந்த மூல உயில்கள் ஏறத்தாழ அனைத்தும் சாம்பலாயின. ஆனால் மாவட்டப் பதிவகங்களில் உயில்களை முழுமையாக எடுத்தெழுதி வைத்த புத்தகங்கள் பல தப்பின. அர்மா நீதிமன்றத்தின் 1800 வரையிலான உயில்களிலிருந்து வில்லியம் பெத்தம் என்பார் குடிவழிச் செய்திகளை மட்டும் எடுத்தெழுதிய குறிப்பேடுகளும் தப்பின. இன்று முன்னோரைத் தேடுவோர் பெரும்பாலும் இவற்றைக் கொண்டே தேடுகிறார்கள்.

இவற்றுக்கான சொல் பெரியபுராணத்திலேயே உள்ளது. சுந்தரர் தமக்கு அடிமை என்று முதியவராக வந்த இறைவன் ஓலை காட்டி வழக்கிட்டார். அப்போது சுந்தரர் கிழித்தது படியோலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் காட்டியது மூலவோலை. அவையோர் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே அதை ஏற்றார்கள். ஆகவே ‘மூலவுயில்’, ‘படியுயில்’ என்றும், பெத்தம் எழுதியவற்றை ‘எடுகுறிப்பு’ என்றும் பிரிக்கலாம். அந்த அவை செய்ததும் ‘ஏற்பு’தான் என்பதால் என் முதற்சொல்லுக்கும் அதுவே சான்று.

- ஆவணக்காப்பக ஊழியர்

*

அனைவருக்கும் நன்றி. வந்த தனிமடல்களையும் சேர்த்துப் பார்க்கையில் பெரும்பான்மையோர் ‘உயிலேற்பு ஆணை’, ‘நிருவாக ஆணை’, ‘ஆண்டடைவு’ என்பவற்றையே ஆதரிக்கிறார்கள். மூலவுயில், படியுயில், எடுகுறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். இச்சொல் முதன்முறை வருமிடத்தில் மட்டும் ‘புரொபேட் என வழங்கும் உயிலேற்பு ஆணை’ என்று எழுதுவேன். உயர்நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பத்து மாணவர்களுக்குப் புரொபேட்தான் தெரிந்திருக்கும்.

- பாடநூல் தொகுப்பாளர்

*

அம்மையாருக்கு,

பெரும்பான்மையை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. ஏற்பது அவையின் செயல். மெய்ப்பிப்பது உயிலைக் கொண்டுவருபவரின் கடமை. இலத்தீன் வேர் சுட்டுவது இரண்டாவதையே. சொல்லடைவில் ‘உயிலேற்பு ஆணை’க்கு எதிரே ‘மெய்ப்பிதழ் எனவும் வழங்கும்’ என்று ஒரு வரியாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘உய்’ பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுவேன்.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர்