கொல்லா நோன்பு பூண்ட மந்திரவாதியை நம்பும்படி அமைப்பது எப்படி?

கேள்வி

ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி நாங்கள் ஐவர் ஆடி வருகிறோம். மனிதரைக் கொல்வதில்லை என்று நோன்பு பூண்ட கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) என் பாத்திரம். சென்ற வாரம் வழிப்பறிக்காரன் ஒருவனை நான் ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தால் அசையவிடாமல் நிறுத்தினேன். உடனே எங்கள் போர்வீரர் அவனை வெட்டிச் சாய்த்தார். விதிப்படி அதில் தவறில்லை என்றாலும், அக்கொலையில் பாதி என்னுடையது என்ற எண்ணம் இன்னும் உறுத்துகிறது. தோழர்களின் ஆட்டத்தைக் கெடுக்காமல், நோன்பும் வெறும் வாய்ச்சொல்லாகாமல், இப்பாத்திரத்தை எவ்வாறு திருத்தலாம்?

மறுமொழி 1

உங்கள் உறுத்தல் நியாயமானது. ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தால் முடங்கியவர் மீது ஐந்தடிக்குள்ளிருந்து படும் ஒவ்வொரு அடியும் ‘கிரிட்டிக்கல்’ (மிகக் கடுமையான அடி) ஆகி, சேதப் பகடைகள் இரட்டிப்பாகின்றன. எனவே, கத்தியைத் தொடாமலே கழுத்தைப் பிடித்துக் கொடுப்பதுதான் அம்மந்திரத்தின் வேலை. ‘காம் எமோஷன்ஸ்’ இதற்கு நேர்மாறானது. அது 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் மனித உருவினரின் பகைமையை ஒரு நிமிடம் வரை தணிக்கும். ஆனால் அவர்கள் தாக்கப்பட்டாலோ, தம் நண்பர்கள் தாக்கப்படுவதைக் கண்டாலோ தணிவு கலைந்துவிடும். அதாவது, உங்கள் தோழர்கள் வாளைத் தாழ்த்தினால் மட்டுமே அது பயன்படும். ஒவ்வொரு மந்திரத்தையும் தேர்ந்தெடுக்கும் முன், இது பட்டபின் எதிரி உயிரோடு திரும்பும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2020இல் வந்த ‘பீஸ் டொமைன்’ என்ற கிளெரிக் உட்பிரிவு கூட, பெயரில் அமைதி இருந்தாலும், தோழர்களின் தாக்குதல் பகடைக்கு ஒரு நாற்பக்கப் பகடையைச் சேர்க்க வழிசெய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி 2

பாத்திரத்தின் மனநிலைக்கு டெஸ்மண்ட் டாஸின் வாழ்க்கையைப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். ஆயுதம் ஏந்த மறுத்த அந்த அமெரிக்க இராணுவ மருத்துவ உதவியாளர், 1945இல் ஒகினாவாவின் செங்குத்தான பாறை முகட்டிலிருந்து காயமுற்றோரைக் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினார். அவர் காப்பாற்றியவர்கள் 75 பேர் என்று பதிவாகியுள்ளது. பயிற்சிக் காலத்தில் அவரை ஏளனம் செய்த படைவீரர்களோடுதான் அவர் களத்துக்குச் சென்றார். அவர்களைத் துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லவில்லை. தம் உறுதிக்கான விலையைத் தம் உடலால் கொடுத்தார். உங்கள் கிளெரிக்கும் பின்வரிசையில் நின்று அறிவுரை சொல்பவராக இல்லாமல், அம்பு பாயும் இடத்துக்கு ஓடி வீழ்ந்தவரைத் தூக்குபவராக இருந்தால், தோழர்கள் அவரை நம்புவார்கள். வீழ்ந்தவர் எதிரியாக இருந்தாலும் தூக்குவாரா என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மறுமொழி 3

ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: இதை ஆட்டத்துக்குள் வாதிடாமல், பகடையை எடுக்கும் முன்பே மேசையில் பேசிவிடுங்கள். கைகலப்பில் எதிரியின் உயிர்ப்புள்ளிகளைப் பூச்சியமாக்குபவர், கொல்லாமல் மயக்கமுறச் செய்யலாம் என்று விதியே இடமளிக்கிறது. அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் முடக்கியவரை மட்டுமாவது போர்வீரர் மயக்கத்தோடு விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டால் போதும். அதன்பின் கைதிகளுக்குச் சோறு யார் போடுவது, அவர்களை எந்த ஊரில் ஒப்படைப்பது என்ற கேள்விகள் எழும். என் அனுபவத்தில், நல்ல காட்சிகள் பிறந்தது அங்கேதான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. போர்வீரராக ஆடும் நண்பரிடம் பேசினேன்; நான் முடக்கியவர்களைக் கொல்வதில்லை என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். இருப்பினும் ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தை விட்டுவிட்டு ‘காம் எமோஷன்ஸ்’ எடுத்துக்கொள்கிறேன். வீழ்ந்த எதிரியையும் என் கிளெரிக் தூக்குவார்.