1993 ஐஸ் ஹொக்கி பிளேஓஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டத் தொடர்கள்): இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி (அனுபவப் பகிர்வு)

பார்லிமென்ட்_வெலஸ்லி:
எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் அணியின் கில்மர் நாடியை (முகவாயை)த் தொட்டுவிட்டுத் தன் கையுறையைப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் எனக்கு. முப்பது வருடம் தாண்டிவிட்டது.

1993 மே 27, லொஸ் ஏஞ்சலிஸில் கிங்ஸ் அணியோடு ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம். வென்றால் லீஃப்ஸ் இறுதித் தொடருக்குப் போயிருக்கும். செயின்ட் ஜேம்ஸ் டவுன் தொடர்மாடியில் ஒரு அறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நான் கனடா வந்து எட்டு மாதம். எனக்கு ஹொக்கி சொல்லித் தந்தது எங்களோடு இருந்த ஒரு அண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. ஊருக்குக் காசு அனுப்பிய மிச்சத்தில் 17ஆம் இலக்க நீலச் சட்டை வாங்கி வைத்திருந்தார். அது லீஃப்ஸ் தலைவர் வெண்டல் கிளார்க்கின் இலக்கம். கிளார்க் என்றால் அவருக்கு உயிர்.

அன்றைக்கு கிளார்க் மூன்று கோல். மூன்றாவது, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லாதபோது. 4-4. கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்குக் கத்தினோம். அப்புறம் ஓவர்டைம், முதல் கோல் அடிக்கிற அணிக்கே வெற்றி. கிங்ஸின் நட்சத்திரம் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மரின் நாடியில் பட்டது. இரத்தம். எட்டுத் தையல். அன்றைய விதிப்படி இரத்தம் வந்தால் ஆளை ஆட்டத்தை விட்டே அனுப்ப வேண்டிய குற்றம். நடுவர் கெரி ஃபிரேசர் லைன்ஸ்மன்களை (துணை நடுவர்களை)க் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவரும் காணவில்லையாம். கொஞ்ச நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் அடித்தார்.

அண்ணை ஒன்றும் பேசவில்லை. ரிவியை நிற்பாட்டினார். சட்டையைக் கழற்றி, இஸ்திரி போட்டதுபோல் மடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "படுங்கோடா, விடிய வேலை" என்றார். நான் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் வேறு நகரம் போய்விட்டார், தொடர்பு விட்டுப்போனது.

மொன்றியல்_அற்வோட்டர்:
வணக்கம். வருத்தம் விளங்குகிறது. ஆனால் ரொறன்ரோ ஆட்கள் எப்போதும் கதையை ஆறாவது ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். அந்த ஓவர்டைம் தொடங்கும்போது உங்கள் கிளென் அன்டர்சன் பெனால்டிப் பெட்டிக்குள் இருந்தார், பனியில் உங்களுக்கு ஒரு ஆள் குறைவு. அது யாருடைய பிழை? இரண்டு நாள் கழித்து, மே 29, ஏழாவது ஆட்டம் உங்கள் சொந்த அரங்கில். அதில் கிரெட்ஸ்கி மூன்று கோல், கிங்ஸ் வென்று இறுதிக்குப் போனது. தான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் அது என்று அவரே பிறகு சொன்னார். அன்றைக்கு நடுவரைக் குறை சொல்ல இடமில்லை. ஃபிரேசரும் தான் காணத் தவறியதைப் பின்னாளில் ஒத்துக்கொண்டவர்தானே.

என் காட்சி ஜூன் 3. அப்போது மொன்றியலில் டாக்சி ஓட்டினேன். எங்கள் மொன்றியலுக்கும் கிங்ஸுக்கும் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம், முதலாவதில் தோற்றுவிட்டோம், இதிலும் 2-1 பின்னால். இரண்டு நிமிடம்கூட இல்லை. எங்கள் பயிற்சியாளர் டெமர்ஸ் கிங்ஸ் ஆட்டக்காரர் மக்சோர்லியின் மட்டையை அளக்கச் சொன்னார். வளைவு விதியைவிடக் கூட. பெனால்டி. கோல்காப்பாளர் ருவாவை வலையிலிருந்து எடுத்துவிட்டு, ஆறு பேராக நின்று, எங்கள் டெஜார்டன் சமன் செய்தார்.

என் வண்டியில் ஒரு கிழவர், கெபெக்காரர். அவருடைய வீட்டு வாசலுக்கே வந்து, காசும் தந்துவிட்டார். ஆனால் இறங்கவில்லை. பிரெஞ்சில் "பொறு, பொறு" என்று கையைக் காட்டிக்கொண்டு பின் சீட்டிலேயே இருந்தார். நான் மீற்றரை நிற்பாட்டினேன். ஓவர்டைம் தொடங்கி 51 விநாடியில் டெஜார்டன் மறுபடியும். மூன்றும் அவருடைய கோல். கிழவர் முன்பக்கம் எட்டி என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பிடி இன்னும் தோளில் இருக்கிறது. அந்த வருடக் கோப்பை எங்களுக்குத்தான். அதன் பிறகு இன்றுவரை எந்தக் கனடா அணியும் கோப்பை எடுக்கவில்லை.

யங்_வீதி:
மேலே எழுதியவருக்கு: அவர் நடுவரைப் பற்றி எழுதவில்லை, அண்ணையைப் பற்றித்தான் எழுதினார். இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள்.

எனக்கு மே 1. கிங்ஸுக்கு முன்பு, முதல் சுற்றில், டிட்ராய்ட்டில் ஏழாவது ஆட்டம், ஓவர்டைமில் எங்கள் போர்ஷெவ்ஸ்கி. கண்ணெலும்பில் அடிபட்டு முகக் கவசத்தோடு திரும்பி வந்த மனிதர், பக்கை (ரப்பர் வட்டை) மட்டையால் தட்டித் திருப்பினார், முடிந்தது. தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிற வழியில் சப்வேயிலிருந்து மேலே ஏறுகிறேன், வீதி முழுக்கச் சனம். ஒரு பெரிய வெள்ளைக்காரர், முகத்தில் நீலச் சாயம், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். அகதி வழக்கு முடியாமல் இருந்த காலம். வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களைத் தவிர ஒருவர் கையும் என்மேல் பட்டதில்லை. அவர் இறக்கிவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். என் உடுப்பில் அந்தச் சாயம் ஒட்டியிருந்தது.

பிறகு கிங்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் மக்சோர்லி கில்மரை இடித்து விழுத்த, தன்னைவிட உயரமான அந்த ஆளிடம் கிளார்க் நேரே போய் நின்றாரே! மக்சோர்லியின் கண் வீங்கிவிட்டது. இப்போது மகளின் மகனுக்கு 12 வயது, அவனும் ஹொக்கி ஆடுகிறான், அந்தச் சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான்.

டிட்ராய்ட்_மதுரைக்காரன்:
நான் அந்தப் பக்கத்து ஆள். 1987இல் மேற்படிப்புக்கு வந்தேன். கூடப் படித்தவர் ஜோ லூயிஸ் அரங்குக்கு அழைத்துப் போனார். டிட்ராய்ட் அணியில், சண்டைக்குப் பேர்போன பாப் புரோபர்ட் ஆடிய காலம். அந்த 87-88 சீசனில் 29 கோல், 398 பெனால்டி நிமிடம். சண்டைக்குக் கையுறைகள் பனியில் விழுந்ததும் அரங்கமே எழுந்தது. நானும் எழுந்து தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து இருக்கையில் ஒரு சின்னப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தான்.

2010 ஜூலையில் புரோபர்ட் 45 வயதில் மாரடைப்பால் இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சிதைவு இருந்தது. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வந்தது.

யங் வீதி ஐயா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். 12 வயதில் உடம்பால் இடிப்பதற்கு இப்போது அனுமதி இல்லை. அமெரிக்காவில் 2011இலும் கனடாவில் 2013இலும் அந்த வயதுப் பிரிவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த பிரிவுக்குப் போகும்போது தொடங்கும். ஆகவே இந்த ஒரு வருடத்தில் அவனுக்கு இடி வாங்கப் பழக்குங்கள். ஓரப் பலகைக்கு ஓரிரண்டு அடி தள்ளித் தலை குனிந்து நிற்பதுதான் மிக ஆபத்து. ஒன்று பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும், இல்லை நன்றாக விலகி நிற்க வேண்டும். தலை எப்போதும் நிமிர்ந்து இருக்கட்டும். பழைய ஹெல்மெட்டை யாரும் கொடுத்தால் வாங்காதீர்கள், எத்தனை அடி பட்டது என்று நமக்குத் தெரியாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். வளர்கிற பிள்ளை என்று ஸ்கேட்டைப் பெரிதாக வாங்கக் கூடாது, கணுக்கால் ஆடும். பெரும்பாலும் செருப்பு அளவைவிடச் சின்ன அளவுதான் சரியாக இருக்கும், கடையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தலையில் அடிபட்டுத் தலைவலி, குமட்டல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கேட்டதையே கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பையன் "எனக்கு ஒன்றும் இல்லை" என்பான், பயிற்சியாளரும் அவசரப்படலாம். விடாதீர்கள். டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்ப அனுப்ப வேண்டும்.

யங்_வீதி:
தம்பி, நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். சண்டையைப் பார்க்க வேண்டாம் என்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. நானும் கூட இருந்து பார்த்தவன்.

கார்ல்டன்_மகள்:
எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்கு லீஃப்ஸின் அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் ஆட்டம் முடிந்த பிறகு இருக்கைகளுக்கு நடுவே கூட்டித் துப்புரவாக்குகிற வேலை. கிங்ஸோடு ஏழாவது ஆட்டம் முடிந்து அன்றைக்கு விடியப்புறம்தான் வீட்டுக்கு வந்தார். சனம் எழும்பிப் போகவே இல்லையாம். நெடுநேரம் வெறும் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். அவர்களுக்கு நடுவே தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு கூட்ட மனம் வராமல் அப்பாவும் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் ஒன்றை அந்த அரங்குக்குள் முழுதாக அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் முடிந்த பிறகுதான் உள்ளே போவார்.

1999இல் லீஃப்ஸ் அங்கிருந்து போனது. இப்போது கீழ்த்தளம் லொப்லோஸ் கடை. 25ஆவது வரிசையில் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், பனியின் நடு மையம் அதுதான். போன மாதம் அப்பாவைக் கூட்டிப் போனேன். ஊன்றுகோலைத் தள்ளுவண்டிக்குள் போட்டுவிட்டு அந்தப் புள்ளியின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றார். சாமான் வாங்க வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். சாமான் தட்டுகளுக்கு மேலே, இப்போது இல்லாத இருக்கைகள் இருந்த பக்கமாகக் கையை நீட்டி, "அங்கைதான் நான் இருந்தனான்" என்றார்.