2013 பைசன் சீசன்: நீங்க அப்போ எங்க இருந்தீங்க?

ஃபார்கோ பழைய மாணவன்

வீடு மாத்தும்போது பெட்டியைக் குடைஞ்சதுல மஞ்சள் டி-சர்ட் ஒண்ணு சிக்கிச்சு. கழுத்துப் பட்டி நைஞ்சு போச்சு, ஆனா 'பைசன்' எழுத்து அப்படியே இருக்கு. அதான் இந்தத் திரி. 'பைசன்'ங்கிறது ஃபார்கோவுல இருக்கிற நார்த் டகோட்டா ஸ்டேட் பல்கலையோட அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குப் பேர். 2013 சீசன்ல அவங்களை எங்கேயாவது, எப்படியாவது பார்த்தவங்க எழுதுங்க.

நான் அந்த வருஷம் ஆகஸ்டுல மேல்படிப்புக்கு ஃபார்கோ போனேன். அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: பேர்ல கால் இருக்கு, ஆட்டம் கையில. கீழ் வீட்டுப் பாட்டிதான் முதல் பாடம் எடுத்தாங்க. நான் 'பைசன்'னு சொன்னதும் முகம் சுளிச்சாங்க. அந்த ஊர்க்காரங்க நடுவுல 'ச' சொல்ல மாட்டாங்க, தேனீ ரீங்காரம் மாதிரி ஒரு ஒலி வரும். நம்ம எழுத்துல அதுக்கு இடமே கிடையாது, எனவே இங்க 'பைசன்'னே எழுதுறேன், பாட்டி மன்னிக்கட்டும்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: கல்லூரி ஃபுட்பால்ல டிவிஷன் ஒண்ணுக்குள்ளேயே ரெண்டு தட்டு. மேல்தட்டு எஃப்பிஎஸ், அப்போ 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம். கீழ்தட்டு எஃப்சிஎஸ், அதுல அப்போ 63 உதவித்தொகைதான். பைசன் அப்போ கீழ்தட்டு. 2003 சீசன் வரைக்கும் அதுக்கும் கீழே, இரண்டாம் டிவிஷன்ல இருந்தவங்க. 2011, 2012 ரெண்டு வருஷமும் எஃப்சிஎஸ் பட்டம் அவங்களுக்கு.

செப்டம்பர் 21 காலையில ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலோட 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சி ஃபார்கோவுக்கே வந்துச்சு. மேல்தட்டுப் பெரிய ஆட்டங்களுக்குப் போற நிகழ்ச்சி அது. பிராட்வே தெருவை மறிச்சு மேடை போட்டிருந்தாங்க, பின்னாடி ஃபார்கோ தியேட்டர் பெயர்ப்பலகை. இருட்டோட போய் நின்னேன். எனக்கு முன்னாடியே ஊர் மொத்தமும் நிக்குது. அன்னைக்கு டெலவேர் ஸ்டேட்டை 51-0னு துவைச்சாங்க. ஆட்டம் சப்புன்னு இருந்துச்சு. அந்தக் காலையை இன்னிக்கும் மறக்கல.

கான்சாஸ் ஊதா

திரியைத் தொடங்கிட்டு முக்கியமானதை விட்டுட்டீங்களே தம்பி. வேணும்னே விட்டீங்களா?

ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் கான்சாஸ் ஸ்டேட் ரசிகன், எங்க ஊர் மன்ஹாட்டனுக்கு பைசன் ஆட வந்தாங்க. மன்ஹாட்டன்னதும் நியூயார்க்னு நினைக்காதீங்க, இது கான்சாஸ்ல இருக்கிற மன்ஹாட்டன். முந்தின வருஷம்தான் எங்க மேல்தட்டுக் கூட்டணியான பிக் 12-ல பட்டம் வாங்கியிருந்தோம். சீசனோட முதல் ஆட்டத்துக்குக் கீழ்தட்டு அணி ஒண்ணைக் காசு கொடுத்து அழைச்சு, வயிறு நிறைய ஜெயிச்சு அனுப்புறது பெரிய கல்லூரிகளோட வழக்கம். அன்னைக்கு நாங்க செஞ்சது சொந்தச் செலவுல சூனியம்.

மூணாவது கால்பகுதியில 21-7னு முன்னாடி இருந்தோம். பக்கத்து இருக்கையில மஞ்சள் சட்டை போட்ட வயசான தம்பதி. தோக்கப்போறாங்களேன்னு எனக்குப் பாவமா இருந்துச்சு, அவங்க பாட்டுக்கு வேர்க்கடலை உரிச்சிட்டு இருந்தாங்க. 21-17 ஆச்சு. அப்புறம் வந்துச்சு கடைசி படையெடுப்பு. 80 கெஜம், 18 முயற்சி, எட்டு நிமிஷத்துக்கும் மேல. பெரிய வீச்சு, பாய்ச்சல்னு ஒண்ணும் கிடையாது. மூணு கெஜம், நாலு கெஜம், திரும்பவும் மூணு. கறையான் கதவை அரிக்கிற மாதிரி. எங்க தடுப்பு ஆளுங்க இடுப்புல கை வெச்சு மூச்சு வாங்குறது மேல் வரிசை வரைக்கும் தெரிஞ்சது. 28 வினாடி பாக்கி இருக்கும்போது அவங்க குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துற ஆள்) பிராக் ஜென்சன் ஒரு கெஜத்துல இருந்து உள்ளே நுழைஞ்சுட்டான். 24-21.

அந்தப் பெரியவர் எழுந்து கத்துவார்னு பார்த்தேன். மிச்சக் கடலையை என் கையில கொட்டிட்டு, தோள்ல ரெண்டு தட்டு தட்டிட்டு இறங்கிப் போனார். அதைத் திங்கவா தூக்கிப் போடவான்னு தெரியாம வீடு வரைக்கும் கையிலயே வெச்சிருந்தேன்.

ஃபார்கோ பழைய மாணவன்

வேணும்னேதான் விட்டேன் அண்ணே, உங்க வாயால கேக்கணும்னு!

டிசம்பர் கதையும் சொல்லிடுறேன். பைசன் ஆடுறது ஃபார்கோடோம்ல, கூரை மூடின அரங்கம். உள்ளே சட்டையோட உக்காரலாம். வெளியே மைனஸ் 20ஐ ஒட்டி. அந்தக் குளிர்லயும் கார் நிறுத்துமிடத்துல அடுப்பு மூட்டி டெயில்கேட் நடக்கும். தாடிக்காரர் ஒருத்தர் பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான தோத்தா வெளியேற சுற்றுகள், எப்படின்னு எனக்கு அடுப்பு மேலேயே பாடம் நடத்தினார். அந்த வருஷம்தான் 20 அணியை 24 ஆக்கியிருந்தாங்க. 24 சாசேஜை அடுக்கினார். எட்டை ஓரமாத் தள்ளினார், அவங்களுக்கு முதல் சுற்று ஓய்வு. மிச்சம் 16ஐ ஜோடி ஜோடியா வெச்சு, தோத்த அணியை எடுத்து அவரே தின்னார். ரெண்டாவது சுற்றுல எனக்கும் ஒரு அணி கிடைச்சது. அரையிறுதிக்கு வரும்போது மனுஷனால பேச முடியல.

நிஜத்துல பைசன் தின்னது: ஃபர்மன் 38-7, கோஸ்டல் கரோலினா 48-14, டிசம்பர் 20 அரையிறுதியில நியூ ஹாம்ப்ஷயர் 52-14. சீசன்ல மூச்சு நின்னது அக்டோபர்ல நார்தர்ன் அயோவாகிட்டதான், 24-23.

நடுவுல ஒரு இடி. பயிற்சியாளர் கிரெய்க் போல், சீசன் முடிஞ்சதும் வயோமிங் பல்கலை அணிக்குப் போறார்னு செய்தி. பந்தி பாதியில சமையல்காரர் அடுத்த கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கின மாதிரி. பாட்டி ரெண்டு நாள் கதவைத் திறக்கல.

ஃப்ரிஸ்கோ அம்மா

எனக்கு இந்த விளையாட்டு இன்றுவரை புரியாது, ஆனாலும் எழுத ஒன்று இருக்கிறது. இறுதி ஆட்டம் எங்கள் ஊரில் நடந்தது. டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, 2014 ஜனவரி 4, சனிக்கிழமை. நாங்கள் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

முந்தின நாள் மளிகைக் கடைக்குப் போனால் எங்கு பார்த்தாலும் மஞ்சளும் பச்சையும். எங்களுக்கு அது நடுங்கும் குளிர், மகனுக்குக் குல்லா, கையுறை எல்லாம் போட்டுக் கூட்டிப் போயிருந்தேன். அவர்களோ அரைக்கை பனியனில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஏதோ வேண்டுதல் என்றே நினைத்தேன், நம் ஊரில் மஞ்சள் கட்டிக்கொண்டு கூட்டமாகப் போவார்களே! ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஆயிரம் மைலுக்கு மேல், ஐ-29ல் ஏறி ஐ-35 பிடித்து, மூன்று பிள்ளைகளோடு இரவெல்லாம் காரோட்டி வந்திருக்கிறாள். "கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்கா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, போன வருடமும் வந்தோம், அதற்கு முந்தின வருடமும் வந்தோம் என்றாள்.

மறுநாள் அரங்கத்துச் சத்தம் எங்கள் வீட்டுப் பால்கனி வரை கேட்டது. வழக்கமாக அங்கே நடப்பது நாம் கால்பந்து என்று சொல்கிற ஆட்டம், அதற்கு இப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

டவ்சன் புலி

இறுதி ஆட்டத்தின் எதிர் அணிக்கும் ஒரு ஆள் வேண்டாமா? நான் மேரிலாண்ட், டவ்சன். எங்கள் டெரன்ஸ் வெஸ்ட் அந்த ஒரே சீசனில் 2,509 கெஜம் ஓடினான். அரையிறுதியில் ஈஸ்டர்ன் வாஷிங்டனை அவர்கள் சிவப்புத் தரையிலேயே 35-31 என்று சாய்த்தோம். இறுதியில் பைசனிடம் 7-35. அறையில் ஏழு பேர் உட்கார்ந்து டிவி பார்த்தோம். மூன்றாம் கால்பகுதியில் ஒருவன் எழுந்து பாத்திரம் கழுவப் போனான். பாத்திரத்தை எங்களில் யாரும் தானாகக் கழுவியது அந்த ஒரு நாள்தான்.

ஃபார்கோ பழைய மாணவன்

பாத்திரத்துக்கு என் அனுதாபம். 15-0ல சீசன் முடிஞ்சது, தொடர்ந்து மூணாவது பட்டம். ஒண்ணு கவனிச்சீங்களா, அந்த வருஷம் பெஞ்சுல ஜென்சனுக்கு மாற்றா உக்காந்திருந்த பையன் கார்சன் வென்ட்ஸ். 2016-ல என்எஃப்எல் தொழில்முறை லீக் புது ஆளுங்களை எடுக்கிற டிராஃப்டுல ரெண்டாவது ஆளா எடுத்தாங்க. அவனை நான் எத்தனையோ தடவை தண்ணி பாட்டிலோட பார்த்திருக்கேன், ஒரு போட்டோகூட எடுக்கல.

கான்சாஸ் ஊதா

அதை விடுங்க. 2013 ஆகஸ்ட் ராத்திரி எங்களைக் கட்டிப்போட்ட பைசன் தடுப்பாட்டப் பயிற்சியாளர் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம். கிறிஸ் க்ளீமன். போலுக்கு அப்புறம் பைசன் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். 2018 டிசம்பர்ல எங்க ஆளுங்க அவரையே கான்சாஸ் ஸ்டேட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. 2022ல பிக் 12 பட்டமும் வாங்கிக் கொடுத்தார். கடலைக் கணக்கு தீர்ந்தது.

ஃபார்கோ பழைய மாணவன்

க்ளீமன் போறார்ங்கிற செய்தி வந்த அன்னைக்கு நான் வேற ஊர்ல. பாட்டிக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாங்க: "அவனுமா?"