குடோன் வீட்டார் குழு: லோடு தூக்கும் பழைய ஃபோர்க்லிஃப்ட் வண்டியை என்ன செய்வது?

*செவ்வாய், மாலை*

அண்ணன்: மெக்கானிக் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டிரான்ஸ்மிஷனைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமாம். லோடை மேலே ஏற்றும் மாஸ்ட் கம்பத்தின் சிலிண்டர் சீலும் போய்விட்டது. இரண்டுக்குமாகக் கேட்கும் தொகை, புது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு.

சித்தப்பா: அவ்வளவுதானே, செய்துவிடலாம். இன்ஜின் கல் மாதிரி இருக்கிறது. காலையில் நான் சாவி போட்டதும் பிடிக்கிறது.

தம்பி: பிடிக்கிறது சித்தப்பா, நகர வேண்டுமே. சூடானபின் ரிவர்ஸ் போட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. நேற்று டிரான்ஸ்மிஷன் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தேன். கருகல் வாடை.

நான்: லோடைத் தூக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைத்தால் ஒரு சாண் தானாக இறங்கிவிடுகிறது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா: 2009ல் உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கிய வண்டி. அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள்.

அக்கா: யாரும் எதுவும் முடிவு செய்ய வேண்டாம். நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடம்.

தம்பி: அதற்குள் நான் ஒன்று சொல்கிறேன். எலக்ட்ரிக் 👀

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டான்.

அக்கா: ஹவர் மீட்டரில் இதுவரை ஓடியது 14,217 மணி நேரம். போன வருடம் முழுவதும் ஓடியது 610 மணி நேரம்தான்.

சித்தப்பா: பார்த்தீர்களா! ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடும் வேலைக்கு யாராவது புது வண்டி வாங்குவார்களா?

அக்கா: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் சித்தப்பா. ஆனால் அந்த 610 மணி நேரத்துக்குள் 11 முறை நின்றிருக்கிறது. மொத்தம் 19 வேலை நாள் படுத்துவிட்டது. அதில் நாலு முறை லாரி வாசலில் நிற்கும்போது. லாரிக்காரர்களுக்குக் கொடுத்த காத்திருப்புப் பணத்தை நான் ரிப்பேர் கணக்கில் எழுதவில்லை, லாரி செலவில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. என் தப்புதான்.

அண்ணன்: தப்பு என்ன இருக்கிறது. லாரிக்குக் கொடுத்ததை லாரியில்தானே எழுதுவோம்.

சித்தப்பா: டிரான்ஸ்மிஷனைச் சரி செய்தால் இந்த நிற்பதெல்லாம் இருக்காதே?

அக்கா: அந்த 11ல் டிரான்ஸ்மிஷனால் நின்றது 3 தான். மற்றதெல்லாம் ஹோஸ் வெடித்தது, ரேடியேட்டர், ஸ்டியரிங் பக்கம் புஷ் தேய்ந்தது, ஸ்டார்ட்டர். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று வரிசையில் நிற்கிறது.

*புதன், காலை*

தம்பி: 📷 படம்
குடோன் தரையில் பளபளவென்று இரண்டு கோடு விழுந்திருக்கிறதே, இதை எத்தனை பேர் கவனித்தீர்கள்?

நான்: டயர் தடம் என்று நினைத்திருந்தேன்.

தம்பி: டயர் இல்லை. ஃபோர்க், லோடைத் தாங்குகிற முன்பக்க இரும்புக் கரம். கீழே இறக்கி ஓட்டும்போது தரையை உரசிக்கொண்டே போகிறது. மாஸ்ட் செயின் நீண்டுவிட்டால் ஃபோர்க் தாழ்ந்து தொங்கும். ஓட்டுபவர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம், பாவம்.

அண்ணன்: இரு, அளந்து பார்க்கிறேன்.

அண்ணன்: செயினில் 12 கண்ணி, புதிதில் 304.8 மி.மீ. இருக்க வேண்டும். இப்போது 315. 3 சதவீதம் நீண்டால் மாற்ற வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் 314க்கு மேல் போகக் கூடாது. போய்விட்டது.

அண்ணன்: ஃபோர்க் இன்னும் மோசம். மேலே தேயாத இடத்தில் கனம் 45 மி.மீ. கீழே வளைவில் 39.8.

அக்கா: அதற்கு என்ன அர்த்தம்?

அண்ணன்: 10 சதவீதம் தேய்ந்தாலே கழற்றிப் போட வேண்டும். 40.5 தான் எல்லை. பார்க்கச் சின்னத் தேய்மானம், ஆனால் அந்த 10 சதவீதத்துக்கே தாங்கும் திறன் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடும். 3 டன் என்று பிளேட்டில் எழுதியிருக்கிறது, ஃபோர்க்குக்கு 2.4 தான் தாங்கும். நம் பெரிய பேல் கட்டு 2.6 டன்.

அம்மா: அதைத்தானே நேற்றும் தூக்கினார்கள்?

அண்ணன்: ஆமாம் அம்மா.

சித்தப்பா: வளைவில் வெல்டிங் வைத்துக் கனப்படுத்தினால்?

அண்ணன்: கூடாது சித்தப்பா. ஃபோர்க் சூட்டில் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்திலேயே விரிசல் விடலாம். மாற்றுவதென்றால் ஜோடியாகப் புதிது.

அக்கா: ஃபோர்க், செயின் எல்லாம் சேர்த்தால் செலவு புது வண்டி விலையில் நாற்பது சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்குப் பிறகும் நம் கையில் இருப்பது 2009 வண்டிதான்.

சித்தப்பா: ம்.

தம்பி: இப்போது எலக்ட்ரிக் பற்றிப் பேசலாமா? இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு சார்ஜ் தாராளம்.

அண்ணன்: உள்ளே சரி. வெளி முற்றம் முழுக்கச் சரளைக் கல், மழையில் சேறு. அங்கே சின்ன டயர் வண்டி திணறும். சாதா பேட்டரி என்றால் சார்ஜ் ஏறி முடிந்ததும் தண்ணீர் பார்க்க வேண்டும், சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். யார் பார்ப்பது?

தம்பி: நான் பார்க்கிறேன்.

அக்கா: வீட்டு இன்வெர்ட்டருக்கே நீ தண்ணீர் ஊற்றியதில்லை 😄

தம்பி: லித்தியம் வாங்குங்கள், தண்ணீரே வேண்டாம்.

நான்: வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எலக்ட்ரிக் வண்டியை வாடகைக்கு எடுத்து நம் முற்றத்திலேயே ஓட்டிப் பார்க்கலாமே. திணறினால் டீசல். பழையதைப் பிரிக்காமல், உள்ளபடி சொல்லி எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்போம்.

அக்கா: வாடகை நான் விசாரிக்கிறேன். மீட்டர் கணக்கும் பழுது நோட்டும் அப்படியே காட்டலாம், மறைக்க வேண்டாம்.

அண்ணன்: சரி. அதுவரை அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. சின்ன லோடுக்குக்கூட வேண்டாம். இன்று மதியம் இரண்டு லாரி வருகிறது, ஆள் வைத்து இறக்கலாம். சாவியை எடுத்து ஆபீஸில் வைத்துவிடுங்கள்.

நான்: வண்டியில் சாவி இல்லையே. யாரிடம் இருக்கிறது?

நான்: யாராவது எடுத்தீர்களா?

சித்தப்பா: என் சட்டைப் பையில். 39.8 என்று பார்த்ததுமே போய் எடுத்துவிட்டேன். ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அம்மா: 🙏