எரிசக்தித் திட்டம் தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள். கணக்கை எங்கே தொடங்குவது?

புதுக்கோப்பு கேட்டது:

நான் ஒரு சிறிய நகராட்சியின் பொறியியல் பிரிவில் இருக்கிறேன். எரிசக்திச் செலவையும் பசுங்குடில் வாயு உமிழ்வையும் குறைக்க ஒரு திட்டம் வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கோப்பு சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்துவிட்டது.

ஓர் ஆலோசனை நிறுவனம் கொடுத்த வரைவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அட்டை பிரமாதம். உள்ளே ஊரின் மொத்த உமிழ்வு என்று போட்டிருக்கும் எண், நாட்டின் தலா சராசரியை எங்கள் மக்கள்தொகையால் பெருக்கி எடுத்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கால்குலேட்டரே போதுமாக இருந்தது. பரிந்துரைகளில் மரம் நடுதல், விழிப்புணர்வு ஊர்வலம், அலுவலகக் கூரையில் சூரியத் தகடு. குடிநீருக்கு ஒரே ஒரு வரி.

என் சந்தேகங்கள்: கணக்கெடுக்க வேண்டியது நகராட்சி தானே எரிப்பதையா, முழு ஊரையுமா? அடிப்படை ஆண்டாக எதை வைப்பது? மின் ரசீதுகள் மூன்று பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன, சிலது யாரிடமும் இல்லை. மேலே இருப்பவர்களோ முதலில் ஒரு சதவீதத்தை அறிவித்துவிடலாம், கணக்கு பிறகு வரட்டும் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய மீட்டர் பதில்:

குடிநீருக்கு ஒரே வரி என்று படித்ததுமே அந்த வரைவை எழுதியவர் நீரேற்று நிலையத்துக்குள் கால் வைத்ததில்லை என்று தெரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க பம்ப் சத்தத்துக்கு நடுவில்தான் கழிந்தது. அதனால் என் பதில் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கணக்கும் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கலக்காதீர்கள். நகராட்சி கட்டணம் கட்டும் மின்சாரம், ஊற்றும் டீசல் ஒன்று. ஊரே எரிப்பது இன்னொன்று. முதலாவதைத் தொடங்க யார் அனுமதியும் வேண்டாம், ரசீது போதும். தலா சராசரியைப் பெருக்கி வந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. நீங்கள் நாளைக்கே எல்லாத் தெருவிளக்கையும் அணைத்தாலும் அந்த எண் அசையாது, மக்கள்தொகை கூடினால் மட்டும் ஏறும்.

ரசீதுகளைத் துறைவாரியாக அடுக்க வேண்டாம். மீட்டர் எண்வாரியாக அடுக்குங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு வரி: எண், அது இருக்கும் இடம், என்ன ஓடுகிறது, பன்னிரண்டு மாத யூனிட், அனுமதி பெற்ற மின்பளு. பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். இடித்துத் தள்ளிய கட்டடத்தின் மீட்டருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் போய்க்கொண்டிருக்கும். எப்போதோ வேறு துறைக்குக் கொடுத்த கட்டடத்தின் கட்டணத்தை இன்னும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதில் மிச்சமாவது பெரும்பாலும் பணம்தான், உமிழ்வு இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டினால் நிதிப் பிரிவு அப்புறம் உங்கள் கோப்பை நிறுத்தி வைக்காது.

இப்போது பம்ப். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற இயற்பியல்படி 0.27 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) போதும். அதைவிடக் குறைக்க முடியாது. எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்பதுதான் கேள்வி. உதாரணமாக மணிக்கு 200 கிலோலிட்டர், மொத்த ஏற்ற உயரம் 60 மீட்டர் என்றால் தண்ணீருக்குள் போகும் சக்தி சுமார் 33 கிலோவாட். மீட்டர் மணிக்கு 75 யூனிட் காட்டுகிறது என்றால் மோட்டாரும் பம்பும் சேர்ந்து 44 சதவீதத்தில் ஓடுகின்றன. அந்த அளவுள்ள நல்ல செட் 65 முதல் 70 வரை கொடுக்கும். அதாவது அதே தண்ணீருக்கு 50 யூனிட் போதும். இது நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓடுவது. கூரைச் சூரியத் தகட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஒரு பெருக்கலைப் போடுங்கள்.

நிலையத்துக்குப் போனால் முதலில் வெளியேற்றுக் குழாயில் இருக்கும் வால்வைப் பாருங்கள். பல இடங்களில் அது எப்போதும் பாதி மூடியே இருக்கும். சக்கரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு கூடப் போட்டு வைத்திருப்பார்கள், இதற்கு மேல் திறக்காதே என்று. ஏன் என்று பம்பை ஓட்டும் இயக்குநரைக் கேளுங்கள். "முழுசா திறந்தா ஆம்ப்ஸ் ஏறுது சார், ட்ரிப் ஆயிடுது" என்பார். அவர் சொல்வது சரிதான். பத்து இருபது வருடத்துக்குப் பிந்தைய தேவையை நினைத்து, பாதுகாப்புக்கென்று இன்னும் கொஞ்சம் சேர்த்து, தேவைக்கு மீறிய உயரத்துக்கு பம்ப் வாங்கியிருப்பார்கள். அது தன் போக்கில் ஓடினால் தண்ணீர் அதிகமாகத் தள்ளி மோட்டாரைத் திணறடிக்கும். அதனால் அவர் வால்வை நெருக்கி, வாங்கிய மின்சாரத்தின் ஒரு பகுதியை அந்த இரும்புத் தொண்டையிலேயே வீணாக்குகிறார். வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தீர்வு சில சமயம் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தைக் கடைந்து விட்டம் குறைப்பதோடு முடிந்துவிடும்.

வேகக்கட்டுப்பாட்டுக் கருவி விற்க வருபவர்கள், வேகத்தை 80 சதவீதமாக்கினால் சக்தி 51 சதவீதமாகிவிடும் என்பார்கள். உராய்வு மட்டுமே தடையாக இருக்கும் குழாயில் அது உண்மை. உயரமான தொட்டிக்கு ஏற்றும் இடத்தில் அப்படி இறங்காது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தண்ணீரே மேலே போகாது. எங்கே பொருந்தும் என்று பார்த்து வாங்குங்கள்.

தெருவிளக்கு: 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 275 வாட் பக்கம் இழுக்கும். அந்த இடத்தில் 120 வாட் எல்.இ.டி. போட்டால், வருடத்துக்கு 4,000 மணி நேரம் எரிவதாக வைத்து, விளக்கு ஒன்றுக்கு 600 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் உங்கள் தெருவிளக்குச் சுற்றுகளுக்கு மீட்டர் இருக்கிறதா? கம்பத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கட்டணம் வசூலிக்கும் முறையாக இருந்தால், விளக்கை மாற்றிய பிறகும் பழைய வாட்டுக்கே ரசீது வரும். விளக்கு மாற்றும் ஒப்பந்தத்திலேயே மீட்டர் பொருத்துவதையும் சேர்த்துவிடுங்கள்.

சதவீதத்தை முதலில் அறிவிப்பது பற்றி: கோபன்ஹேகன் 2012-இல் ஒரு திட்டம் போட்டது, 2025-க்குள் கார்பன் சமநிலை என்று. உண்மையிலேயே நிறையச் செய்தார்கள். ஆனால் கடைசித் துண்டு, குப்பை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் ஆலையின் புகையிலிருந்து கார்பனைப் பிடிப்பதை நம்பி இருந்தது. அதற்கு எதிர்பார்த்த அரசு நிதி கிடைக்கவில்லை. 2022-இல் இலக்கை எட்ட முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வளவு கணக்குப் போட்ட ஊருக்கே அப்படி. ரசீது கூடக் கையில் இல்லாமல் சதவீதம் சொல்வது வம்பு.

---

நிலவரை பதில்:

பழைய மீட்டர் சார் சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நகரமைப்புப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நகராட்சி தானே எரிப்பது ஊர் மொத்தத்தில் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். பம்பை மாற்றி, விளக்கை மாற்றி, கைதட்டி முடித்துவிட்டால் மிச்சம் தொண்ணூறு சொச்சம் அப்படியே இருக்கும்.

அந்தத் தொண்ணூறில் உள்ளாட்சிக்குப் பிடி இல்லை என்பார்கள். இருக்கிறது, கட்டட அனுமதிக் கோப்பில். லண்டனின் மெர்ட்டன் என்ற பகுதி மன்றம் 2003-இல் ஒரு விதி கொண்டுவந்தது: 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு அல்லாத புதுக் கட்டடங்கள் தங்களுக்கு வேண்டிய எரிசக்தியில் 10 சதவீதத்தையாவது அந்த இடத்திலேயே புதுப்பிக்கத்தக்க வழியில் எடுக்க வேண்டும். பணம் செலவில்லாத ஒரு வரி அது. மற்ற மன்றங்களும் அதைப் பின்பற்றின. டோக்கியோ 2010-இலிருந்து, ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி எடுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் உமிழ்வு உச்சவரம்பு வைத்து, மிச்சம் பிடிப்பவர் விற்கலாம் என்றது. நியூயார்க் 2019-இல் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு வரம்பு போட்டு 2024-இலிருந்து அமலாக்கியது. இவையெல்லாம் பெரிய ஊர்கள், அவ்வளவு சட்ட அதிகாரம் உங்களுக்கு இருக்காது. சரி. ஆனால் பேருந்து போகாத இடத்தில் புது மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் மன்றத்தின் கையில்தானே? அந்த ஒரு கையெழுத்து அங்கே குடிவருபவர்களை முப்பது நாற்பது வருடத்துக்கு வண்டியில் ஏற்றிவிடுகிறது. எந்தத் தெருவிளக்கும் அதை ஈடுகட்டாது.

முழு ஊர் கணக்குக்கு, நகரங்களின் உமிழ்வைக் கணக்கிடும் ஜி.பி.சி. நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வள நிறுவனம், நகரங்களின் கூட்டமைப்புகளான சி40, இக்லி மூன்றும் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. எல்லைக்குள் எரிவது ஸ்கோப் 1, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, உங்களால் எல்லைக்கு வெளியே வருவது ஸ்கோப் 3. முழுசாகச் செய்ய வேண்டும் என்றில்லை, அதிலுள்ள 'பேசிக்' என்ற அடிப்படை நிலை போதும்.

---

கிடங்குக்காவல் பதில்:

ஸ்கோப் 3 என்றதும் ஒன்று. உங்கள் குப்பைக் கிடங்கு நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்தால், அது எங்கள் உமிழ்வு இல்லை என்று யாராவது சொல்வார்கள். ஜி.பி.சி.யின் பேசிக் நிலையிலேயே அது உங்கள் கணக்கில்தான் வரும். குப்பை உங்களுடையது.

மக்கும் குப்பை காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன். அது புவியைச் சூடாக்குவது நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல் 28 மடங்கு என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாவது அறிக்கை தந்த எண். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 84. எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் வேறு எண்ணைப் போட்டு, உமிழ்வு கூடிவிட்டது என்பார். இன்னொன்று, இன்று கொட்டியது பல வருடம் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மக்கும் குப்பையை இந்த ஆண்டே பிரித்துவிட்டாலும் கிடங்கின் எண் மெதுவாகத்தான் இறங்கும். மன்றத்தில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

புதுக்கோப்பு:

மூவருக்கும் நன்றி. வால்வைப் பார்த்துவிட்டேன். கோடு இருக்கிறது, பெயின்ட் நிறம் பச்சை! இயக்குநர் நீங்கள் எழுதியதையே வார்த்தை மாறாமல் சொன்னார்.

இன்னும் இரண்டு சந்தேகம். 2020 பதிவுகள்தான் முழுமையாக இருக்கின்றன, அதையே அடிப்படை ஆண்டாக வைக்கலாமா? பம்பை மாற்றப் பணத்துக்கு எங்கே போவது? மிச்சமாகும் தொகை பொதுக் கணக்கில் கரைந்துவிடும், அடுத்த வேலைக்கு எனக்கு ஒன்றும் வராது.

---

பழைய மீட்டர்:

2020 வேண்டாம். ஊரடங்கில் அலுவலகம் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. அதோடு ஒப்பிட்டால் பிறகு வரும் எல்லா ஆண்டும் மோசமாகத்தான் தெரியும். ரசீதில் ஓட்டை இருந்தாலும் சாதாரணமாக ஓடிய ஓர் ஆண்டை எடுங்கள், அல்லது மூன்று ஆண்டு சராசரி. மழை பொய்த்து ஆழ்துளைக் கிணறுகளை இரவு பகலாக ஓட்டிய ஆண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

அட்டவணையில் யூனிட்டுக்கு ஒரு நிரல், உமிழ்வுக்கு ஒரு நிரல். உமிழ்வை மட்டும் வைத்தால் நீங்களே ஏமாறுவீர்கள். நிலக்கரியை நம்பிய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.8 முதல் 1 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு. நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த இடத்தில் 0.1-க்கும் கீழே. கட்டமைப்பில் காற்றாலை கூடினால் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உங்கள் உமிழ்வு இறங்கும், அதற்கு மன்றத்தில் பாராட்டுத் தீர்மானமும் போடுவார்கள். யூனிட் நிரல்தான் நீங்கள் செய்த வேலையைக் காட்டும். டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ, பெட்ரோலுக்கு 2.3 என்று போட்டுக்கொள்ளுங்கள், எங்கேயும் பெரிதாக மாறாது.

பணத்துக்கு ஷ்டுட்கார்ட் நகராட்சி 1995-இல் தொடங்கிய ஏற்பாட்டைப் படித்துப் பாருங்கள். வெளியாரிடம் போகாமல், நகராட்சியின் சுற்றுச்சூழல் பிரிவே ஒரு நிதியை வைத்துக்கொண்டு மற்ற பிரிவுகளின் எரிசக்தி வேலைகளுக்கு முன்பணம் கொடுக்கும். மிச்சமாகும் மின், எரிபொருள் கட்டணத்திலிருந்து அந்தப் பிரிவு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கட்டும். அது முடிந்தபின் வரும் மிச்சம் அந்தப் பிரிவுக்கே. திரும்பிய பணம் அடுத்த பம்புக்குப் போகும். இதற்கு ஒரு தனிக் கணக்குத் தலைப்பும் நிதிப் பிரிவின் ஒப்புதலும் இருந்தால் போதும்.

நிலவரை சொன்ன மனைப்பிரிவு விஷயம் நியாயம், என் கணக்கில் அது வராது. அதை அவர் எழுதியபடியே திட்டத்தில் தனி அத்தியாயமாகப் போடுங்கள். ஆனால் முதல் மன்றக் கூட்டத்துக்கு பம்பைக் கொண்டு போங்கள். மனைப்பிரிவைத் தொட்டால் எதிர்க்க ஆள் இருப்பார்கள். பழைய பம்புக்காகப் பரிந்து பேச யாரும் வரமாட்டார்கள்.

---

நிலவரை:

இதில் எனக்கும் உடன்பாடுதான். ஒரே ஒரு திருத்தம்: மனைப்பிரிவு அத்தியாயத்தைத் திட்ட ஆவணத்தில் மட்டும் வைத்தால் தூங்கிவிடும். உங்கள் ஊரின் நில உபயோகத் திட்டத்தை அடுத்து எப்போது திருத்துகிறார்கள் என்று விசாரித்து, அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அனுமதி கொடுக்கும் அதிகாரி திறந்து பார்ப்பது அதைத்தான்.

---

புதுக்கோப்பு:

விசாரித்துவிட்டேன், திருத்த வேலை அடுத்த ஆண்டு தொடங்குகிறதாம். பம்ப் கணக்கை மன்றத்துக்கான குறிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓட்டமானி மட்டும் பழுது. வாடகைக்குக் கிடைக்கும், குழாய்க்கு வெளியே பொருத்தும் மீயொலி ஓட்டமானியை நம்பலாமா?

---

பழைய மீட்டர்:

நம்பலாம். முழங்கைக்கும் வால்வுக்கும் பக்கத்தில் பொருத்தாதீர்கள். முன்னால் குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு, பின்னால் ஐந்து மடங்கு நேர்குழாய் இருக்கும் இடமாகப் பாருங்கள். குழாயின் சுவர்த் தடிமனைப் பழைய ஏட்டிலிருந்து எடுக்காமல் தடிமன்மானியால் அளந்து போடுங்கள். உள்ளே படிந்த உப்பு அதையும் கொஞ்சம் ஏமாற்றும். அதனால் தொட்டி நிரம்பும் நேரத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.