மோனோடோன்னா போதுமாம்! அந்த வட்டத்துக்கு யாராவது பதில் சொல்லுங்க

சுழிப்புள்ளி: "ஆபரேட்டர் மோனோடோனா இருந்தா டிஃபரன்ஷியல் ஈக்வேஷனை ஓட விட்டாலே போதும், தானா ஜீரோவுல போய் உக்காந்துக்கும்"னு ஒரு மேதாவி அடிச்சு விட்டிருக்காரு, லைக் வேற குவியுது. (ஆபரேட்டர்னா ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அம்பைக் குடுக்குற விதி. ரெண்டு புள்ளியோட வித்தியாசமும் அவங்க அம்புகளோட வித்தியாசமும் 90 டிகிரிக்கு மேல விலகாட்டி மோனோடோன். அம்பு பூஜ்யமாகுற புள்ளிதான் ஜீரோ. அம்புக்கு எதிரா புள்ளியை நகர்த்துறதுதான் அந்த ஈக்வேஷன்.) 90 டிகிரி திருப்புற ஆபரேட்டர் மோனோடோன்தானே? ஓட விட்டா வட்டமடிச்சுட்டே இருக்கும், ஆரம் துளி குறையாது. எங்க சார் உக்காந்துச்சு?

கன்வெக்ஸ்காரன்: அந்த மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். பாயோன், ப்ரெசி 1976லயே சொல்லிட்டாங்க, பாதையோட சராசரி ஜீரோவுக்குப் போகும்.

சுழிப்புள்ளி: சராசரியை யார் கேட்டா? புள்ளி எங்க?

கன்வெக்ஸ்காரன்: உங்க உதாரணம் எந்த கன்வெக்ஸ் ஃபங்ஷனோட (கிண்ணம் மாதிரி வளைஞ்சது) கிரேடியன்டும் (அதோட சரிவைக் காட்டுற அம்பு) இல்ல. கிரேடியன்ட்னா புள்ளியே ஜீரோவுக்குப் போகும்னு ப்ரக் 1975லயே கதையை முடிச்சாச்சு.

சுழிப்புள்ளி: நீங்க எழுதினது மோனோடோன். கிரேடியன்ட் இல்ல. ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, எடிட் பண்ணாதீங்க, போன தடவை பண்ணீங்களே அது மாதிரி. சாதாரண ஆய்லர்ல (ஈக்வேஷனைச் சின்னச் சின்ன அடியா கணக்குப் போடுற முறை) ஸ்டெப் 0.1 வெச்சு 1000 ஸ்டெப் ஓட்டிப் பாத்தேன், ஆரம் 1ல கிளம்பி சுமார் 145ல நிக்குது, ஸ்டெப்புக்கு அரை சதவீதம் கூட்டு வட்டி மாதிரி ஏறுது.

தாமதவாசகன்: இம்ப்ளிசிட் ஆய்லர் (போய்ச் சேர்ற இடத்தோட அம்பைப் பாத்து அடி வெக்கிறது) போடுங்க, அதே 145ஆல வகுத்து உள்ள சுருங்கும். அதுதான் ப்ராக்ஸிமல் பாயின்ட் முறை, ராக்கஃபெல்லர் 1976.

சுழிப்புள்ளி: அப்போ கன்வர்ஜ் ஆக (ஜீரோவுல போய்ச் சேர) வெச்சது டிஸ்க்ரீடைசேஷன் (அடி அடியா உடைக்கிறது), ஈக்வேஷன் இல்ல. நம்ம கட்சிக்கு வாங்க.

தாமதவாசகன்: நான் எந்தக் கட்சியும் இல்லைங்க.

கன்வெக்ஸ்காரன்: புள்ளியை உருளுற பந்தா நெனச்சு உராய்வு சேத்தா என்ன பண்ணுவீங்க? சூ, பாய்ட், கான்டெஸ் 2014ல நெஸ்டரோவ் முறையை (கிரேடியன்ட் முறையை வேகப்படுத்துறது) இரண்டாம் வரிசை ஈக்வேஷனா எழுதிட்டாங்க, உராய்வு 3 பை நேரம். அங்கயும் வட்டம் வட்டம்னு கத்துவீங்களா?

பழைய_வாத்தி: நெஸ்டரோவ் 1983. கனமான பந்தை உருட்டினது (போன அடியோட வேகத்தையும் சேத்துக்கிற முறை) போல்யாக், 1964. அவரை யாருமே சொல்றதில்ல.

கன்வெக்ஸ்காரன்: வாத்தியாரே, எல்லா இழையிலயும் இதே 1964தானா?

பழைய_வாத்தி: எல்லா இழையிலயும் மறந்துடுறீங்களே.

சுழிப்புள்ளி: அவரை விடுங்க, உராய்வுக்கு வாங்க. அந்த 3 பை நேரம் கன்வெக்ஸ் ஃபங்ஷனுக்கு. நம்ம சுழற்சிக்கு மாறாத உராய்வு எவ்வளவு போட்டாலும் ஒரு மூலத்தோட மெய்ப்பகுதி (அதுதான் பாதை வளர்ற வேகம், பாசிட்டிவ்னா விரியும்) பாசிட்டிவாவே நிக்கும், ரெண்டு வரி கணக்கு. வட்டம் சுருங்கலைன்னு அழுதேன், நீங்க மருந்து குடுத்து விரிய விட்டுட்டீங்க அண்ணே. அதனாலதான் அட்டூஷ், பெய்பூகே ஆபரேட்டரை யோசிடா முறையால (இம்ப்ளிசிட் அடியை வெச்சு செய்யுறது) வழவழப்பாக்கி உள்ள விட்டாங்க.

கன்வெக்ஸ்காரன்: சராசரி ஜீரோவுக்குப் போகுதா இல்லையா?

சுழிப்புள்ளி: புள்ளி போகுதா இல்லையா?

பழைய_வாத்தி: 1964.